பார்க்க மட்டும்

தம்பியின் கல்யாண வீடியோவில் இணைச்சீர் வரும் இடத்தில் மிருதுளா எப்போதும் நிறுத்திவிடுவாள்.

கொங்குப் பக்கத்துக் கல்யாணம் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் சகோதரி தலையில் கூடை சுமந்து அவன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். அதுதான் இணைச்சீர். அவள் நிற்காமல் கல்யாணம் நகராது. வீடியோவில் நிற்பவள் மிருதுளாதான். பச்சைப் பட்டு, தலையில் கூடை, முகம் நிறையச் சிரிப்பு. ஊருக்காக உதட்டில் ஒட்டிக்கொண்ட சிரிப்பு இல்லை அது. கண் இடுங்கி, தோள் குலுங்கி, கூடை ஒரு பக்கம் சாய, யாரோ பிடித்து நிமிர்த்துகிறார்கள். அதற்கும் சிரிக்கிறாள்.

அன்று ஆவணி பதினொன்று. அவள் மகள் நேத்ரா இருந்திருந்தால் அன்றைக்கு ஏழு வயது முடிந்திருக்கும். குழந்தை போய் ஏழு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்தக் கூடையைச் சுமக்க முதலில் அவள் மறுத்துவிட்டாள். அக்கா சிந்துஜா விவாகரத்து ஆனவள், அவள் எடுக்கக் கூடாது என்று உறவு சொல்லிவிட்டது. மிச்சம் இருந்தவள் மிருதுளா ஒருத்தி. என்னால் முடியாது, அந்தத் தேதியில் முடியவே முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டாள். "குழந்தை உன்ற மாமனார் வூட்டு வம்சம் கண்ணு. நம்ம பக்கம் தீட்டு வராது," என்றாள் பெரிய அத்தை. தீட்டு வராதாம். பெற்றவளுக்கு வந்ததற்கு என்ன பெயர் என்று அத்தையை யாரும் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று காலை வரை அழுதுகொண்டிருந்தவள், மண்டபத்துக் கூட்டத்துக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டாள். கூடையை எடுத்தாள். சிரித்தாள். விருந்தில் இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாள். இன்று நேத்ராவின் பிறந்தநாள் என்பது அவளுக்கு மறக்கவில்லை. நினைவிருந்தது, வலிக்கவில்லை. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது அவளை அடித்துப் போட்டது. நான் என்ன தாய்?

ஐந்து மாதமாக இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவன் தீபன் மாதத்தில் பாதி நாள் புனேயில் வேலையாக இருப்பவன். அவனிடம் சொல்ல வாய் வராது. அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பாள். அக்கா வருவாள். காபி குடிப்பார்கள், ஊர்க்கதை பேசிச் சிரிப்பார்கள், அந்தக் கேள்வி எங்கோ போய்விடும். அக்கா கேட்டைச் சாத்திக்கொண்டு போன ஐந்தாவது நிமிடம் அது திரும்பி வந்து நெஞ்சின்மேல் உட்காரும்.

இனி அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். குழந்தை நான்கு நாள் காய்ச்சலில் போன பிறகு மிருதுளா முதலில் சாப்பாட்டை நிறுத்தினாள், பிறகு குளிப்பதை, பிறகு பேச்சை. ஆறாவது வாரம் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், ஒரு தட்டைப்பயறு அளவுக்கு ஒன்றை வைத்துத் தைத்தார் டாக்டர். அது துயரத்தை அளக்கும். அளந்து, சொன்ன அளவுக்குத் தணிக்கும்.

"முப்பத்தஞ்சுல வெச்சிருக்கறேம்மா," என்றார் டாக்டர். "நூறுல வெச்சா உங்களுக்கு ஒண்ணுமே வலிக்காது. துயரம் மட்டும் போகாது, கோவம், ஆதங்கம் எல்லாமே சேர்ந்து போயிரும். எல்லாம் ஒரே குழாய்த் தண்ணிதான். அது வேண்டாம். எந்திரிச்சுக் குளிச்சு ஒரு வாய் சாப்பிட முப்பத்தஞ்சு போதும். மிச்சம் உங்களோடது. அதை நான் தொட மாட்டேன்."

அந்தக் கருவிக்குள் ஓடும் புரோகிராமை, அதாவது உள்நிரலை, எழுதிய ஏழெட்டுப் பேரில் சிந்துஜாவும் ஒருத்தி. சரவணம்பட்டியில் அவர்கள் கம்பெனி. ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தங்கைக்கு அவள்தான் விளங்க வைத்தாள். மிருதுளா பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதகர் என்பதால் பம்ப் கணக்கிலேயே சொன்னாள்.

"நீ டெஸ்ட் பண்றப்ப பிரஷர் கேஜ் இருக்குமல்ல? வால்வும் இருக்கும். இதுல அந்த ரெண்டும் பூட்டின பெட்டிக்குள்ள இருக்குது. அந்தப் பெட்டி ஒரு தடவை எழுதி, இறுக்கி, ஆஸ்பத்திரி முத்திரை வாங்கினது. அதுல ஒரே ஒரு கண்ணாடி சன்னல் வெக்கறோம். வூட்ல இருக்கறவங்க அது வழியா கேஜைப் பாக்கலாம். வால்வு இருக்கறதே வெளிய தெரியாது."

"யாரும் கை வெக்க முடியாதா?"

"டாக்டர் மட்டுந்தான். அந்தச் சன்னலை வெக்கறதே உன்ற அக்காதான். போதுமா?"

போதும் என்று தலையாட்டினாள் மிருதுளா. அவள் தலைக்குள் ஒன்றை வைக்கக் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு பேச்சை நம்பித்தான்.

அந்தச் சன்னல் வழியாகப் பார்ப்பதற்கு ஒரு திரைமொழி இருந்தது. படித்தவர், படிக்காதவர் எல்லோரும் எழுதலாம். எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை, என்ன ஆக வேண்டும் என்று சொன்னால் போதும். 'துயரம் அறுபதைத் தாண்டினால் முகம் மஞ்சள்' என்று ஒரு வரி எழுதினால், எப்போது தாண்டினாலும் முகம் தானாக மஞ்சளாகும். வீட்டுக்கு வீடு தங்களுக்கு வேண்டியபடி எழுதிக்கொண்டார்கள். மருமகள் எழுதினாள், மாமனார் எழுதினார். மிருதுளா வீட்டுத் திரையைச் சிந்துஜா எழுதிக் கொடுத்தாள். சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவுத் திரையில் ஒரு வட்ட முகம்.

ஒரு புதன்கிழமை அந்த முகம், அவள் அழுதபோதும், பச்சையிலேயே நின்றுவிட்டது. சிந்துஜா டெல்லியில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தாள். அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மிருதுளா கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கையில் ஒரு டேப்லட்டோடு ஃபர்ஹானா வந்தாள். கோவையில் கரும்புக்கடைப் பகுதிப் பெண், இருபத்தெட்டு வயது இருக்கும். திரை எழுதும் பிரிவில் வேலை. சனிக்கிழமைகளில் முறை வைத்து வீடுகளுக்கும் போவார்களாம்.

டேப்லட்டை இணைத்ததும் முதலில் சிரித்தாள். "எழுதியவர் சிந்துஜான்னு போட்டிருக்குது. அட, நீங்க சிந்துக்கா தங்கச்சியா? சொல்லவே இல்லீங்களே."

"சொன்னா காபிக்குப் பதிலா ஜூஸ் கேப்பீங்கன்னுதான்."

"காபியே குடுங்கக்கா. சிந்துக்கா ஆபீஸ்ல எனக்குப் போட்டுக் குடுக்கறது வெந்நீர்."

மிருதுளா காபியோடு திரும்பி வந்தபோது ஃபர்ஹானா சிரிக்கவில்லை. டேப்லட்டைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். அதற்குள் மிருதுளா பார்த்துவிட்டாள். பதினோரு வருடமாக மீட்டரையும் அச்சடித்த தாளையும் தள்ளி நின்றே படிக்கிறவள் அவள். மூன்றே வரிதான்.

*சோதனை நோயாளி: மிருதுளா.*

*முகம்: துயரம் அறுபதைத் தாண்டினால் மஞ்சள், இல்லாவிட்டால் பச்சை.*

*தணிப்பு: விருந்தினர் பலர் இருந்தால் 90. சிந்துஜா அருகில் இருந்தால் 80. மற்ற நேரம் 35.*

மிருதுளா தம்ளரை மேசைமேல் வைத்தாள். காபி சிந்தவில்லை. கை அவ்வளவு நிதானமாக இருந்தது.

"இது என்ன?"

"அக்கா, நீங்க மொதல்ல உக்காருங்க."

"நான் நின்னுக்கிட்டே கேக்கறேன். சொல்லு."

ஃபர்ஹானா சொன்னாள். "உள்ள இருக்கற நிரலுக்கும் வெளிய இருக்கற திரைமொழிக்கும் ஒண்ணை ஒண்ணு தெரியாதுங்க்கா. உள்ள இருக்கறதுக்கு ஒரு பேர் வெச்சு, அதுல இதெல்லாம் பாக்கலாம், இதெல்லாம் மாத்தலாம்னு பட்டியல் போட்டுக் குடுத்தாத்தான் வெளிய தெரியும். சிந்துக்கா வேலை அதான். 'நோயாளி'ங்கற பேர்ல அவங்க வெளிய குடுத்தது துயரம் ஒண்ணுதான். அதுவும் பார்க்க மட்டும். தணிப்பு அந்தப் பட்டியல்லயே இல்ல."

"இங்க 'சோதனை நோயாளி'ன்னு இருக்குது."

"அதுவும் அதே உள்நிரல்தான். பேர் வேற, பட்டியல் வேற. அதுல எல்லாமே மாத்தலாம்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான்க்கா கேட்டேன். டாக்டருக்கான திரையைச் சரி பாக்கணும்னா வால்வைத் திருப்பித் திருப்பிப் பாக்கணும். ஒவ்வொரு தடவையும் உள்நிரல் ஆளுங்க முன்னாடி போய் நிக்கணும். எல்லாம் தொறந்தது ஒண்ணு குடுங்கக்கா, வேலை முடிஞ்சதும் எடுத்துரலாம்னு கேட்டேன். ஒரே மத்தியானத்துல செஞ்சு குடுத்தாங்க. அன்னிக்கு நான் அவங்களுக்குப் பிரியாணி வாங்கிக் குடுத்தேன். வெளிய போற கருவியில இருந்து எடுத்துட்டாங்கன்னுதான் இத்தனை நாளும் நெனச்சேன்."

"விருந்தினர் பலர்னு போட்டிருக்குதே. வந்தது அதுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல இருக்கற போன்களை எண்ணும். சிந்துக்கா போன் பத்து மீட்டருக்குள்ள வந்தா அதுக்குத் தெரியும்."

மிருதுளாவுக்கு மண்டபத்துக் கூட்டம் கண்முன் வந்தது. ஐந்நூறு பேர். ஐந்நூறு போன்.

"இந்த வரி எழுதின தேதி பாக்க முடியுமா?"

முடிந்தது. தொண்ணூறு என்று எழுதியது ஆவணி பத்து, கல்யாணத்துக்கு முந்தின நாள். எண்பது என்று எழுதியது ஆவணி பதினேழு.

பதினேழு. மிருதுளா அந்த நாளைத் தேட வேண்டியிருக்கவில்லை. கல்யாணம் முடிந்த ஆறாம் நாள் அக்கா இங்கேதான், இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் மிருதுளா அதுவரை கேட்காததைக் கேட்டாள். காய்ச்சல் மூன்றாம் நாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம் அல்லவா? குழந்தை கையில் கட்டியிருந்த காய்ச்சல் அளக்கும் பட்டையின் திரையைப் பார்த்து, 'பச்சைதான் காட்டுது, பயப்படாதே, நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று சொன்னது நீதானே? அக்கா காபி குடிக்காமல் எழுந்து போனாள். அதற்குப் பிறகு மிருதுளா அதைக் கேட்கவே இல்லை. அடுத்த முறை அக்காவைப் பார்த்தபோது கேட்கத் தோன்றவில்லை. மன்னித்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"வேற வூட்லயும் இந்தப் பேர் இருக்குதா?" என்று கேட்டாள்.

ஃபர்ஹானா தேடினாள். தேடத் தேட அவள் முகம் சுருங்கியது. "உங்க வூட்டோட சேத்து நாப்பத்தியொண்ணு."

"என்னன்னு எழுதியிருக்கறாங்க?"

"வூட்டு ஆளுங்க பேரெல்லாம் நான் சொல்லக் கூடாதுங்க்கா." ஆனாலும் அவளால் அடக்க முடியவில்லை. "திருப்பூர்ல ஒரு பொண்ணு, பனியன் கம்பெனி. ஷிப்ட் நேரம் முழுக்கத் தொண்ணூறு. எழுதினது மொதலாளி இல்ல, அவளைப் பெத்த அம்மா. பல்லடத்துல ஒரு பெரியவர், சம்சாரம் தவறிட்டாங்க. மகன் வீடியோ கால் பண்ற நேரத்துக்கு மட்டும் தொண்ணூத்தஞ்சு. மகன்தான் எழுதியிருக்கறாரு. எல்லாரும் நல்லதுக்குன்னுதான் எழுதியிருப்பாங்க. பேர் எப்படியோ கைக்குக் கை போயிருக்குது."

"நல்லதுக்குத்தான்," என்றாள் மிருதுளா. "எனக்கும் நல்லதுக்குத்தான்."

அவள் போனை எடுத்தாள்.

"சொல்லு மிருது. இப்பத்தான் டெல்லில இருந்து எறங்கி நேரா ஆபீஸ் வந்தேன். சாயங்காலம் வர்றேன், உனக்கு அல்வா வாங்கி..."

"சோதனை நோயாளின்னா யாருக்கா?"

அந்தப் பக்கம் சிந்துஜா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அங்க யாரு வந்திருக்கறா?"

"நான் கேட்டதுக்குச் சொல்லு."

"மிருது, கல்யாணத்துக்காகத்தான். ஒரு நாளைக்குன்னுதான் எழுதினேன். அம்மா அழுதாங்க. தம்பி மணவறையில ஆளில்லாம நிக்கற மாதிரி ஆயிருமோன்னு... நீயும் அந்தத் தேதியில ஒடைஞ்சு போயிருவேன்னு பயந்தேன். ஒரே ஒரு நாள் நீ வலியில்லாம இருந்துட்டுப் போகட்டுமேன்னு பாத்தேன்."

"என்ற புள்ளை பொறந்த நாளைக்கு நான் வயிறு குலுங்கச் சிரிச்சேன்க்கா. அந்த வீடியோவை இத்தனை நாளா பாத்துப் பாத்து, நான் தாயே இல்ல, ஏதோ பேய்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கறேன். நீ வாரா வாரம் வந்து எதுக்க உக்காந்து முறுக்கு தின்னுட்டுப் போனே. ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லியிருக்கணும்."

"சரி, அது கல்யாணத்துக்கு. உன்ற பேர் எதுக்கு?"

சிந்துஜா அழுதுகொண்டே பேசினாள். "அன்னிக்கு நீ என்னைப் பாத்த பார்வை இருக்குதே மிருது. பச்சைன்னு சொன்னது நான்தான். நீ கேக்க வேண்டியதில்ல, நான் தெனமும் என்னைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன். அதே கேள்வியை உன்ற கண்ணுலயும் பாக்க என்னால முடியல. எனக்குன்னு வூடு இல்ல, புருசன் இல்ல. அந்தக் கேள்வி இல்லாம போய் உக்கார ஒரு எடம் வேணுமாயிருந்துது."

"அந்த எடம் உனக்கு என்ற தலைக்குள்ளயா கெடச்சுது?"

மிருதுளா டேப்லட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உடனே அழி."

"அது என்ற கைவிரல் வெச்சு எழுதினது. திரை முன்னாடி வந்து விரல் வெச்சாத்தான் அழியும். இதா கெளம்பிட்டேன். இருபது நிமிசம்."

"போனை ஆபீஸ்லயே வெச்சுட்டு வா."

"சரி."

"எனக்குச் சத்தியம் வேண்டாம். வெச்சுட்டு வா, போதும். நான் உங்கிட்டப் பேசணும். பேசறது நானா இருக்கணும்."

போனை வைத்துவிட்டு மிருதுளா ஃப்ரிட்ஜ் கதவின் பச்சை முகத்தைப் பார்த்தாள். கோபம் அவளுக்குள் நேராக நின்றது. எத்தனையோ மாதம் கழித்துத் தன் வீட்டுக்குத் தானே வந்து சேர்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"அக்கா," என்றாள் ஃபர்ஹானா தயங்கி. "அதே பேரை வெச்சு நானும் எழுதலாம். சிந்துக்கா வந்தாலும் முப்பத்தஞ்சுன்னு. ரெண்டு வரியும் அடிச்சுக்கும், ஆனா முயற்சி பண்ணிப் பாக்கலாம்."

"வேண்டாம் கண்ணு. இன்னொரு கை உள்ள வர வேண்டாம். பாக்கற மாதிரி மட்டும் ஒண்ணு எழுது. தணிப்பு எத்தனைன்னு நம்பர் தெரிஞ்சாப் போதும்."

ஃபர்ஹானா எழுதினாள். டேப்லட்டில் பெரியதாக 35 என்று வந்தது. அதைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து நிறுத்தினார்கள்.

"இன்னொண்ணு இருக்குது," என்றாள் ஃபர்ஹானா. "ஆஸ்பத்திரியில கருவிப் பாதுகாப்புப் பிரிவு ஒண்ணு இருக்குது. அவங்களுக்குப் புகார் போனா, அந்தப் பேரையே ஒரு மணி நேரத்துக்குள்ள மூடிருவாங்க. நாப்பத்தியொரு வூட்லயும் டாக்டர் வெச்ச அளவுக்கே திரும்பிரும். அதுதான் விதி. ஆனா சிந்துக்கா வேலை போயிரும். கேஸ் வரலாம். எனக்கும்தான்."

"உனக்குமா?"

"பிரியாணி வாங்கிக் குடுத்தவ நான்தானுங்க்கா," என்று சொல்லி அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

இரண்டு பேருமாகப் புகாரை எழுதினார்கள். மிருதுளா தன் பம்ப் கம்பெனி அறிக்கை மாதிரி எழுதினாள்: எந்தத் தேதி, எந்த வரி, யார் எழுதியது, எத்தனை வீடு. அடியில் தன் பெயரைப் போட்டாள். ஃபர்ஹானாவும் போட்டாள். அனுப்பவில்லை.

"இப்ப நல்லாக் கேட்டுக்கோ," என்றாள் மிருதுளா. "அக்கா போன் இல்லாம வந்தா நான் பேசிக்கறேன். அவளே புகார் குடுக்கட்டும், தான் தொறந்ததை அவளே மூடட்டும். அந்த மரியாதை அவளுக்கு இருக்கட்டும். ஆனா அந்த நம்பர் ஏறிச்சுன்னா நீ அனுப்பிரு. நான் வேண்டாம்னு சொல்லுவேன். சிரிச்சுக்கிட்டே சொல்லுவேன். பாவம்னு சொல்லுவேன். நீ கேக்காதே. இப்பப் பேசறவதான் நான். அப்பப் பேசறது எங்கக்கா எழுதினது."

"ஏறாதுங்க்கா. சிந்துக்கா அப்படிப்பட்டவங்க இல்ல."

"நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

பன்னிரண்டரைக்குக் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. காலடி கேட் வரை வந்தது. நின்றது. திரும்பிப் போயிற்று. காரின் கதவு மறுபடி திறந்து மூடியது. மறுபடி காலடி.

மிருதுளா எழுந்து நின்றுகொண்டாள். சொல்ல வேண்டியதை வரிசையாக மனதில் வைத்திருந்தாள். முதலில் பச்சை. பிறகு கூடை. பிறகு முறுக்கு.

சிந்துஜா வாசலில் நின்றாள். தோளில் கைப்பை, கலைந்த தலை, விமானத்திலேயே கசங்கிய சுடிதார். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"போனை ஆபீஸ்லயே வெச்சுட்டேன் மிருது," என்றாள்.

அக்கா எவ்வளவு இளைத்துவிட்டாள் என்றுதான் மிருதுளாவுக்கு முதலில் பட்டது. கழுத்து எலும்பு தெரிகிறது. காலையில் ஏதாவது சாப்பிட்டாளோ என்னவோ. வரிசையாக வைத்திருந்தது எல்லாம் அந்த இடத்தில் அப்படியேதான் இருந்தது. யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன பழைய சீட்டு மாதிரி இருந்தது. எடுத்துப் படிக்கலாம். படிக்க என்ன அவசரம்?

"வாக்கா, உள்ள வா. ஏன் அங்கயே நிக்கறே? காபி போடட்டுமா?"

ஃபர்ஹானா சர்க்கரை டப்பாவைப் பார்த்தாள். டேப்லட்டில் 47. பிறகு 66. பிறகு 80.

மிருதுளாவும் பார்த்தாள். மீட்டர் படிக்கத் தெரிந்தவள், அதன் பொருள் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. அக்கா பொய் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கும், வாசற்படியில் நின்றுகொண்டு. புரிந்தது, அவ்வளவுதான், யார் வீட்டுச் சேதியையோ கேட்டது போல் இருந்தது. வேறு யாராவது என்றால் அந்த எண்ணைப் பார்த்து அழுதிருப்பார்கள்.

"ஃபர்ஹானா, வேண்டாம் கண்ணு," என்றாள் சிரித்துக்கொண்டே. "விட்டுரு. பாவம் அக்கா, பயந்துட்டா."

ஃபர்ஹானா டேப்லட்டைக் கையில் எடுத்தாள். மிருதுளாவின் முகத்தை ஒரு முறை பார்த்தாள். அந்த முகத்தில் வலியின் சாயல்கூட இல்லை. வீடியோவில் கூடை சாய்ந்தபோது இருந்த அதே முகம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அரை மணி நேரத்துக்கு முன் இந்தச் சமையலறையில் நின்ற பெண் இவள் இல்லை என்று மட்டும் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

*புகார் கிடைத்தது. நாற்பது நிமிடத்தில் மூடப்படும்* என்று பதில் வந்தது.

"என்ன பண்ணினே நீ?" என்றாள் சிந்துஜா.

"அவங்க சொன்னதைப் பண்ணினேன், சிந்துக்கா."

சிந்துஜா நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"கார்லயே வெச்சுட்டுத்தான் எறங்கினேன் மிருது," என்றாள். "நெசமா. கேட் வரைக்கும் வந்தேன். உள்ள நீ எப்படிப் பாக்கப் போறேன்னு நெனச்சதும் காலு வரல. திரும்பிப் போய் எடுத்துட்டு வந்தேன்."

"அதுக்கென்னக்கா, போகட்டும்," என்று மிருதுளா அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் காய்ந்தது. சர்க்கரை அக்காவுக்குக் குறைவாகப் போட வேண்டும் என்று நினைவாகக் குறைத்துப் போட்டாள். தம்ளரைக் கொண்டுவந்து வைத்து, எதிரே உட்கார்ந்தாள்.

சிந்துஜா தம்ளரைத் தொடவில்லை. தங்கையின் கண்ணை நேராகப் பார்த்தாள். அங்கே அவள் பயந்த எதுவும் இல்லை. அவள் தேடி வந்த இடம் அப்படியே, அவள் எழுதியபடியே, அமைதியாக இருந்தது.

"உனக்கு எம்மேல கோவமே இல்லையா மிருது?"

மிருதுளா அவசரப்படாமல் யோசித்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று உள்ளே ஒவ்வொரு அறையாகத் தேடிப் பார்த்தாள்.

"இல்லக்கா," என்றாள்.

அது பொய் இல்லை. இன்னும் முப்பது நிமிடத்துக்கு அது பொய் இல்லை.